எஸ்டிபி தண்ணீருக்கு 10 கனமீட்டர் யூவி யூனிட்: வாங்கலாமா?

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் எஸ்டிபி-யில் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்), சாண்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் தாண்டியதும் மாட்டச் சொல்லி விற்கப்படும் மூடிய ஸ்டீல் யூவி யூனிட் வகை இது; உள்ளே எரியும் விளக்கின் புறஊதா ஒளிதான் கிருமியைக் கொல்லும். வெல்டிங் சுத்தம், விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பேலஸ்ட் தனிப் பெட்டியில், விளக்கு எரிந்த மணிக்கணக்கு மீட்டரும் உண்டு. கோளாறு பெயர்ப்பலகையில்தான்: "மணிக்கு 10 கனமீட்டர், 40 மில்லிஜூல்". மில்லிஜூல் என்பது ஒரு சதுர செ.மீ.க்குத் தண்ணீர் பெறும் யூவி டோஸ்.

அது குடிநீர்க் கணக்கு. 254 நானோமீட்டர் ஒளி 1 செ.மீ. தண்ணீரைக் கடக்கும்போது 95 சதவீதம் மிஞ்சும் என்று வைத்துப் போட்டது. வடிகட்டிய கழிவுநீரில் 60 மிஞ்சினாலே நல்ல தண்ணீர். விளக்கிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பார்த்தால் குடிநீரில் 77 சதவீத ஒளி இருக்கும், இதில் வெறும் 8. சேம்பர் சுவரை ஒட்டி ஓடும் தண்ணீர் கிருமியோடேயே வெளியே போகும்.

சாண்ட் ஃபில்டர் தண்ணீரை மறுபயன்பாட்டுக்கு விட, அமெரிக்காவின் தேசிய நீர் ஆராய்ச்சிக் கழக வழிகாட்டி கேட்பது சதுர செ.மீ.க்கு 100 மில்லிஜூல். அதுவும் புது விளக்கில் அல்ல. விளக்கு மூப்புக்கு 0.5, ஸ்லீவில் (விளக்கை மூடும் குவார்ட்ஸ் குழாய்) சேரும் படிவுக்கு 0.8 என்று பெருக்கிய பிறகு. ஆக, புதிதில் 250 கிடைக்க வேண்டும். மூப்பையும் படிவையும் மறந்து, தண்ணீரும் குடிநீர்த் தெளிவு என்றே வைத்தாலும் 100-க்கு ஓட்டத்தை 4 கனமீட்டராகக் குறைக்க வேண்டும்.

யூவி சென்சார் கிடையாது, இதுதான் பெரிய குறை. கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம் கிருமி கொல்லும் ஒளி அல்ல. 9,000 மணி நேரம் தாண்டிய விளக்கும் நீலமாகத்தான் எரியும். போர்வெல் கடினத்தன்மையும் இரும்பும் குவார்ட்ஸ் ஸ்லீவில் வெள்ளையாக, பழுப்பாகப் படியும். ஓட்டமில்லாமல் விளக்கு எரிந்தால் தண்ணீர் சூடாகிப் படிவு இன்னும் வேகமாக ஏறும். அதற்காக ஃபில்டர் பம்ப்போடு சேர்த்து அடிக்கடி ஆன்-ஆஃப் செய்தால் விளக்கின் ஆயுள் போகும்; பம்ப்பை நீண்ட நேரம் ஓடும்படி டேங்க் லெவலை வையுங்கள். ஸ்லீவைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் துடைத்து, கையுறையோடு மாட்டுங்கள். ஓ-ரிங் (ரப்பர் வளையம்) புதிதாகப் போடாவிட்டால் தண்ணீர் கசியலாம்.

குடிநீருக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். எஸ்டிபி-க்கு என்றால், முதலில் உங்கள் தண்ணீரை லேபில் 254 நானோமீட்டரில் அளந்து, அந்த எண்ணில், விளக்கின் கடைசி மணி நேரத்தில் என்ன டோஸ் என்று எழுத்தில் கேளுங்கள். கலங்கல் சராசரி 2 என்டியு-வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டினால் ஃபில்டரைச் சரிசெய்வதே முதல் வேலை. ஃபிளஷ் டேங்க்கில் கிருமி மறுபடி வளராமலிருக்க ஹைப்போ (குளோரின் கரைசல்) தனியாக வேண்டும். அதை யூவி-க்குப் பிறகு விடுங்கள், முன்னால் விட்டால் குளோரினில் ஒரு பங்கை விளக்கே சிதைத்துவிடும்.