கோடியக்கரை: நான்கு மீட்டர் உச்சியும் இரண்டு நாள் நடையும்

மலையேறிப் பழகியவர்கள் கோடியக்கரையின் உச்சியைக் கண்டால் சிரிக்கக்கூடும். அப்பகுதியின் மிக உயர்ந்த இடம் இராமர் பாதம் என்னும் மணல்மேடு. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 4 மீட்டர்தான். ஆயினும், சென்ற ஜனவரியில் இரண்டு நாள் தங்கி, காடு, சேற்றுவெளி, கடற்கரை மூன்றையும் கால்நடையாகவே சுற்றி வந்த பிறகு, நம் கடற்கரையில் நடப்பதற்கென்றே போகத்தக்க ஊர் எது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லி வருகிறேன்.

நாகப்பட்டினம் மாவட்டத்து வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை 2023இல் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து சாலை உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்காட்டுக்குள் நுழைகிறது. நான் வேதாரண்யத்தில் ஒரு தனியார் விடுதியில் தங்கினேன். தொலைபேசியில் வெந்நீர் உண்டு என்றார்கள். போய்ச் சேர்ந்ததும் அடுப்பில் வைத்துத் தருகிறோம் என்றார்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறவனுக்கு அது நடக்கிற காரியமாக இல்லை.

அந்த ஐந்து மணிதான் இங்கே முக்கியம். வெளிமான்களுக்காக 1967இல் அமைக்கப்பட்ட சரணாலயம் இது. வெயில் ஏறிவிட்டால் மான்கள் புதர் நிழலுக்குப் போய்விடும். வனத்துறையின் அனுமதி பெற்று நாங்கள் நுழைந்தபோது கிழக்கே அப்போதுதான் வெளுத்திருந்தது. முதல் அரை மணி நேரம் மட்டக்குதிரைகளைத் தவிர எதுவும் தென்படவில்லை. எவரோ வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்தவை என்று சொல்லப்படும் இவை பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மான்கள் மேயும் புல்லையே இவையும் மேய்கின்றன, புல்வெளியைச் சீமைக்கருவேலம் வேறு விழுங்கி வருகிறது. பிறகு, ஒரு திருப்பத்தில், சுமார் அறுபது அடி தூரத்தில் ஓர் ஆண் வெளிமான் நின்றது. முதுகு ஏறக்குறையக் கறுப்பு, வயிறு சுண்ணாம்பு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிப் பிழிந்தது போன்ற கொம்புகள். அது எங்களைப் பார்க்கவேயில்லை. மூக்கை உயர்த்தி, கொம்புகளை முதுகின் மேல் சாய்த்துக்கொண்டு, கொம்பில்லாத பெண்மான்கள் நாலைந்தைச் சுற்றி நடைபோட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இருபது நிமிடம் அசையாமல் நின்றோம்.

காட்டுக்குள் செல்லும் நடை வேறு விதமானது. இது உலர் பசுமைமாறாக் காடு. மரங்கள் ஓங்கி வளராமல், கடற்காற்றுக்குத் தலை கொடுத்துக் கொடுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கின்றன. பாலை மரங்கள் நிறைய. 2018 நவம்பரில் கரையைக் கடந்த கஜா புயல் சாய்த்த மரங்களின் அடையாளம் அங்கங்கே இன்னும் தெரிகிறது. பாதை சமதளம்தான் என்றாலும் மணல் காலை இழுக்கிறது. செருப்பு உதவாது, காலணியே ஏற்றது.

பறவைகளுக்காகவே வருபவர்கள் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதைகள் நீருக்குள் போய்விடும். ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் 2002இல் அறிவிக்கப்பட்ட ஈரநிலம் இது. பூநாரைகள் நான் போனபோது வெகு தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தன. நெருங்கலாம் என்று சேற்றில் இறங்கிய என் நண்பர் முழங்கால் வரை புதைந்து, ஒரு காலணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். தொலைநோக்கி இல்லாமல் போவது வீண்.

மீனவர் குடியிருப்பு ஊரின் கோடியில் இருக்கிறது. மீன்பிடிப் பருவத்தில் வெளியூர் மீனவர்களும் வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். ஆகவே ஜனவரியில் இது அமைதியான ஊர் என்பது காலை ஒன்பது மணிக்கு மேல்தான் உண்மை. அதற்கு முன்பு படகு வந்த இடமெல்லாம் ஏலம். மணலில் கொட்டிய மீனைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருக்க, ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார்; நமக்குப் புரிவதற்குள் மீன் ஐஸ் பெட்டிக்குள் போயிருக்கும். நாங்கள் சில்லறையாக ஒரு கொடுவா வாங்கிச் சாலையோர உணவகத்தில் கொடுத்தோம். சமைத்துக் கொடுத்த அம்மா, "புளி கம்மியாத்தான் விட்டிருக்கேன் தம்பி, மீன் புதுசு" என்றார். அந்தக் குழம்புக்காகவே வெந்நீர் விவகாரத்தை மன்னித்துவிட்டேன்.

சோழர் காலத்தது எனப்படும் கலங்கரை விளக்கத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாற வேண்டாம். 2004 ஆழிப்பேரலையில் அது வீழ்ந்துவிட்டது, எஞ்சியிருப்பது செங்கல் இடிபாடுதான். குழகர் கோயிலுக்கு மாலையில் போவது நல்லது. கடுங்காற்று வீசும் இக்கரையில் துணையின்றி ஏன் இருக்கிறீர் என்று சுந்தரர் இறைவனையே கேட்ட தலம் அது. இருட்டுகிற நேரத்தில் அங்கே நின்றால் அந்தக் கேள்வி நியாயமானதாகவே படுகிறது.

குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடலோ, அடிக்கொரு கடையோ இங்கே கிடையாது; தண்ணீரும் தின்பண்டமும் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆனால் தின்பண்டத்தைக் குரங்குகள் கண்ணில் காட்டக் கூடாது. கருவாடு வாங்குகிறவர்கள் மூன்று மடிப்பாகக் கட்டித் தரச் சொல்லவும். நாங்கள் ஒரு மடிப்போடு ஏறிய பேருந்தில், திருத்துறைப்பூண்டி வரை எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.