பிளேமா, கிரிட்டிக்கல்-செயினா? மில் கணினி எழும்பப் பிந்திய கதை

பரந்தன் பக்கம் ஒரு அரிசி மில். காலபோக அறுவடை நேரம் நெல் ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசைகட்டி நிற்கும். தராசில் நிறுத்தவுடன் பில் அடித்துக் கொடுப்பது ஒரு பழைய டெபியன் லினக்ஸ் கணினி. வன்தட்டுத்தான், வேகமான எஸ்எஸ்டி இல்லை. மரியாடிபி தரவுத்தளம், அதன்மேல் யாரோ எழுதிக் கொடுத்த பில் நிரல். கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழும்பிவிடும். பில் சேவைதான் (பின்னணியில் ஓடுகிற அந்த நிரல்) உடனே வராது. "தம்பி, லைட் எரிஞ்சு ரெண்டு நிமிசமாச்சு, உது இன்னும் எழும்பேல்லை" என்று முதலாளி போன் எடுப்பார். கரண்ட் நாலு தரம் போகிற நாளில் போனும் நாலு தரம் வரும்.

கணினி எழும்பும்போது சேவைகளைத் தொடங்கி வைப்பது சிஸ்டம்-டி. அது ஓடுகிற லினக்ஸில் இந்தத் தாமதத்தைத் தேட நாலு வழி கையில் இருக்கிறது: பிளேம், கிரிட்டிக்கல்-செயின், பிளாட், ஜேர்னல். ஒரே கணினியில் நாலையும் ஓட்டியதில் எனக்குக் கிடைத்த முடிவு: பிளேமை மட்டும் நம்பிக் காசு செலவழிக்கக் கூடாது.

எல்லாரும் முதலில் அடிப்பது 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்'. எந்தச் சேவை எத்தனை வினாடி எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கித் தரும். மில் கணினியில் உச்சியில் நின்றது 'ஆப்ட்-டெய்லி', 1 நிமிடம் 12 வினாடி. அடுத்தது நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கிற 'வெயிட்-ஒன்லைன்', 48 வினாடி. மூன்றாவது மரியாடிபி, 24 வினாடி. எனக்கு முன் பார்த்தவர் இந்தப் பட்டியலைப் பார்த்து ஆப்ட்-டெய்லியை நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறார், எஸ்எஸ்டி வாங்கவும் சொல்லியிருக்கிறார். ஆப்ட்-டெய்லி மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கிற வேலை. அது ஒரு மணித்தியாலம் ஓடினாலும் பில் சேவை அதற்காகக் காத்திருக்காது. நேரம் கூட எடுத்தவனும் மற்றவனை மறித்தவனும் ஒரே ஆள் இல்லை. பிளேமுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று. பில் சேவை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதன் யூனிட் கோப்பில், அதாவது அதை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்-டிக்குச் சொல்கிற கோப்பில், வகை 'சிம்பிள்' என்று இருந்தது. சிம்பிள் வகையைத் தொடங்கிய கணமே 'எழும்பிவிட்டது' என்று சிஸ்டம்-டி கணக்கு வைத்துக்கொள்ளும், அதனால் பிளேம் அதைக் காட்டாது. நாம் தேடுகிற சேவையே இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் வழக்கு நடந்திருக்கிறது!

கிரிட்டிக்கல்-செயின் கேட்பது வேறு கேள்வி: யார் யாருக்காகக் காத்திருந்தார்? சேவையின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் அதன் சங்கிலியை மட்டும் காட்டும்; மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்காகக் காத்திருந்தார் என்று வாசிக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் '@' போட்டிருந்தால் அது தொடங்கிய அல்லது எழும்பிய நேரம். '+' போட்டிருந்தால் எழும்ப எடுத்த நேரம். பில் சேவை @58 வினாடி. அதற்குக் கீழே, நெட்வொர்க் வந்துவிட்டது என்பதைக் குறிக்கிற நெட்வொர்க்-ஒன்லைன் @57. அதற்கும் கீழே வெயிட்-ஒன்லைன் @9, +48. வேறு ஆதாரம் தேவையில்லை. கரண்ட் வந்ததும் கணினியும் றவுட்டரும் ஒன்றாகத்தான் எழும்புகின்றன, றவுட்டர் ஆறுதலாக வந்து ஐபி முகவரி கொடுக்கும்வரை கணினி வாசலில் நிற்கிறது. மரியாடிபி? அது 30ஆவது வினாடியிலேயே தயார். எஸ்எஸ்டி போட்டு அதை 5 வினாடியாக்கியிருந்தாலும் பில் 58இல்தான் வந்திருக்கும்.

கிரிட்டிக்கல்-செயினும் முழு உண்மை சொல்லாது. பல சேவைகள் ஒரே நேரத்தில் ஓடுவதையும் யாராவது இணைப்புக் கேட்கும்போது சொக்கெட் வழியாக எழுப்பப்படுபவற்றையும் அது சரியாகக் காட்டுவதில்லை. அதற்கு பிளாட் நல்லது. எல்லாச் சேவைகளையும் காலக்கோட்டில் கீறிய எஸ்விஜி படம் ஒன்று வரும். ஆனால் திரையில்லாத கணினிக்குப் போனிலிருந்து நுழைந்து வேலை செய்கிறவனுக்கு அந்தப் படத்தை இறக்கிப் பார்ப்பதே ஒரு வேலை. நான் ஒரு தரம்தான் பார்த்தேன்.

சிஸ்டம்-டியின் பதிவேடான ஜேர்னல் கடைசியில்தான், ஆனால் 'ஏன்' என்பதற்கு அதை விட்டால் வழியில்லை. மரியாடிபிக்கு 24 வினாடி போனதன் காரணம் அதில்தான் இருந்தது: கரண்ட் திடீரென்று போனதால் ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் பழுது மீட்பு செய்துகொண்டுதான் எழும்புகிறது.

சரி, தீர்வு. வெயிட்-ஒன்லைனை முழுதாக நிறுத்துவது ஒரு வரி வேலை. நெட்வொர்க் வழியாகக் கோப்புறை இணைக்கிற கணினியில் அதைச் செய்தால் வேறெங்காவது உடையும். கணினிக்கு நிலையான ஐபி கொடுத்தாலும் காத்திருப்பு குறையும், ஆனால் றவுட்டரை மாற்றுகிற அன்றைக்கு அதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நான் எடுத்த வழி, பில் சேவையின் கோப்பிலிருந்தே நெட்வொர்க்-ஒன்லைன் வரிகளை எடுத்துவிட்டு மரியாடிபிக்குப் பின் வரச் சொல்வது. நிரல் பேசுவது அதே கணினியில் உள்ள தரவுத்தளத்தோடுதான். இணையம் அதற்கு எதற்கு? இதில் ஒரு பொறி உண்டு. 'இன்னதற்குப் பின் எழும்பு' என்று சொல்கிற 'ஆஃப்டர்' வரியை, மூலக்கோப்பைத் தொடாமல் மேலதிகமாகப் போடுகிற துணைக்கோப்பில் வெறுமையாக எழுதி அழிக்க முடியாது. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளைக்கு 'ஃபுல்' கொடுத்து முழுக்கோப்பையும் திருத்த வேண்டும். இது தெரியாமல் அரை மணித்தியாலம் தலையைச் சொறிந்தேன்.

31ஆவது வினாடியில் பில் வந்தது. அப்புறம் அடுத்த நாள் காலை மறுபடி போன்: "தம்பி, பில்லில நேத்தைய தேதி அடிக்குது."

தாய்ப்பலகையின் நாணய பற்றரி எப்போதோ செத்துவிட்டது. இரவு பிளக்கைக் கழற்றினால் கடிகாரம் தொலைந்துபோகும். காலையில் சிஸ்டம்-டி தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கும். முன்பு அந்த 48 வினாடி காத்திருப்பில் இணையம் வந்து, நேரம் சரியாகி, அதற்குப் பிறகு பில் சேவை எழும்பியதால் யாருக்கும் தெரியவில்லை. நேரம் ஒத்திசையும்வரை காத்திருக்கச் சொல்லவும் ஒரு சேவை இருக்கிறதுதான்; அதைப் போட்டால் மறுபடி றவுட்டரின் காலில் விழ வேண்டும்.

கிளிநொச்சியில் ஒரு மணிக்கூட்டுக் கடையில் சீ.ஆர். 2032 பற்றரி ஒன்று வாங்கிப் போட்டேன். மீட்புக்குப் போகிற 24 வினாடிக்கு யூபிஎஸ் கேட்டிருக்கிறேன். அறுவடை முடியட்டும் என்கிறார் முதலாளி.