தெற்கு மாசி வீதி பருத்திப்பால் கடை: பால் அருமை, பெஞ்சுல உக்கார முடியல

பருத்திப்பாலுக்கு கண்ண மூடிட்டு அஞ்சு ஸ்டார், கருப்பட்டி சுக்கு ஏலக்காய் எல்லாம் அளவா இருக்கு, மேல தூவுற தேங்காய்ப்பூ கடைசி வாய் வரைக்கும் வருது. ஆனா அந்த பெஞ்சு! அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்த மச்சானும் நானும் அந்த ஊரு பிரைமரி (கட்சி வேட்பாளரு யாருன்னு முடிவு பண்ற உள்கட்சித் தேர்தல்) பத்தி பேசிட்டிருந்தோம், 2016-ல ட்ரம்ப் சொந்தக் கட்சிக்காரங்களையே மேடையில வச்சு மார்கோ ரூபியோவ லிட்டில் மார்கோ, டெட் க்ரூஸ பொய்யன் டெட்னு பட்டப்பேரு வச்சு கூப்பிட்டது, 2008-ல ஒபாமாவும் ஹிலாரியும் மாசக்கணக்கா முட்டிக்கிட்டும் ஜூன் 7-ந்தேதி ஹிலாரி பிரசாரத்த நிறுத்தி ஒபாமாவுக்கு ஆதரவு குடுத்தது, அடுத்த வருஷமே ஒபாமா அமைச்சரவையில ஹிலாரி வெளியுறவு அமைச்சரானதுனு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரு அத நம்மூரு கட்சிக்கு இழுத்து, "நீ எவன்கிட்ட காசு வாங்குனடா"னு ஆரம்பிச்சு வீட்டுப் பொம்பளைங்க வரைக்கும் போயிட்டாங்க. ஒரு பெரியவரு பாதி டம்ளர அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போனாரு, எனக்கு மனசே ஆறல. கடைக்கார அண்ணே, நீங்க ஒரு சத்தம் போட்டிருந்தா அடங்கியிருப்பாங்க, அடுத்த தடவ போடுங்கண்ணே. குடும்பத்தோட போறவங்க இப்போதைக்கு பார்சல் வாங்கிக்கங்க, தூக்குவாளி கொண்டு போனா அதுலயே ஊத்தித் தர்றாங்க.