ஹியூமன் மோர்டாலிட்டி டேட்டாபேஸ்: இரண்டு வருடம் புழங்கிய பிறகு

ஆயுள் காப்பீட்டுக்குக் கணக்குப் போடுவது என் தொழில். யார் கொடுத்த எண்ணையும் முதல் பார்வையில் நம்பமாட்டேன். இதற்குள்ளும் சந்தேகத்தோடுதான் நுழைந்தேன். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மக்கள்தொகை ஆய்வாளர்களும் ஜெர்மனியின் ரோஸ்டாக்கில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் சேர்ந்து 2002இல் திறந்துவிட்ட, நாடுவாரியான பிறப்பு, இறப்பு, மக்கள்தொகைத் தரவுக் களஞ்சியம் இது. மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதிவு செய்தால் போதும், காசு கிடையாது.

ஏறத்தாழ 40 நாடுகள் இருக்கின்றன. ஸ்வீடனுக்கு 1751 முதல், வருடம் வருடமாக, வயது வயதாக எண்கள் உண்டு. அதில் 1773ஆம் வருட வரியைப் பாருங்கள்: பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 20ஐக்கூடத் தொடவில்லை. பஞ்சமும் சீதபேதியும் வாரிக்கொண்டு போன வருடம்.

என்னை மடக்கியது ஜப்பான்தான். பிறப்புக் கோப்பில் 1965இல் 18.2 லட்சம், 1966இல் 13.6 லட்சம், 1967இல் 19.4 லட்சம். ஆகா, தப்பைப் பிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு குஷி. தப்பே இல்லை. 1966 அங்கே 60 வருடத்துக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு. அதில் பிறக்கும் பெண் புருஷனுக்கு ஆகமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. அதற்குப் பயந்து அத்தனை பேர் பிள்ளைப்பேற்றைத் தவிர்த்திருக்கிறார்கள். அப்புறம் வயதுவாரி மக்கள்தொகைக் கோப்பைத் திறந்தேன். அதே பள்ளம் வருடத்துக்கு ஒரு வயதாக நகர்ந்து போகிறது: 1986இல் 19 வயது வரியில், 2006இல் 39 வயது வரியில். (ஜனவரி 1 கணக்கு என்பதால் 20, 40 அல்ல. இதைக் கவனிக்காமல் அரை நாள் குழம்பினேன்.)

இந்தியாவைத் தேடாதீர்கள், இல்லை. இறப்புப் பதிவும் கணக்கெடுப்பும் ஏறக்குறைய முழுமையாக உள்ள நாடுகளை மட்டுமே சேர்க்கிறார்கள். முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அரைகுறையை உள்ளே விடாத அந்தக் கறார்த்தனத்தால்தான் மற்ற எண்களை நம்பி எடுக்க முடிகிறது. நாட்டுக்கு நாடு தனிக் குறிப்பும் வைத்திருக்கிறார்கள். எந்த வருடங்களின் தரவில் என்ன குறை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். பதிவிறக்கும் முன் அதைப் படியுங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு விஷயம். கடைசி வயது வரி '110+' என்று கூட்டல் குறியோடு வரும். அதை எண்ணாக மாற்றாமல் சூத்திரம் போட்டு ஒரு முழு அறிக்கையையே நான் கெடுத்திருக்கிறேன். இன்னொன்று, ஆயுள் அட்டவணையில் (ஒவ்வொரு வயதிலும் இறப்பு வாய்ப்பு எவ்வளவு, இன்னும் சராசரியாக எத்தனை வருடம் என்று சொல்லும் பட்டியல்) முதிய வயது இறப்பு வீதங்கள் கணித மாதிரி வைத்துச் சீராக்கப்பட்டவை. 105 வயதில் கோடு அழகாக வளைகிறதே என்று மயங்கவேண்டாம். அந்த வயதில் ஆட்களே சொற்பம். மூலத் தரவைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஐந்துக்கு நாலரை போடுவேன். 2026 மறுபடியும் நெருப்புக் குதிரை ஆண்டு. ஜப்பான் கோப்பில் அந்த வரி ஏறும் நாளுக்குத்தான் காத்திருக்கிறேன்.