நொண்டும் குதிரைக்குச் சூடா, ஊசியா, ஆற்றுத் தண்ணீரா?

எங்கள் பக்கம் ஒரு வண்டிக் குதிரை நொண்டினால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் நாலு பேர் வந்து நாலு வைத்தியம் சொல்லிவிடுவார்கள். மூட்டுல சூடு வை என்பார் ஒருவர். ஒரு ஊசியைப் போடு, ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு ஓடும் என்பார் இன்னொருவர். பத்துப் போடச் சொல்கிறவர் உண்டு, ஆற்றில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்கிறவரும் உண்டு. எங்கள் வீட்டுக் குதிரைகளுக்கு இந்த நாலும் நடந்திருக்கின்றன. எது எதற்கு உதவும், எது எங்கே கெடுக்கும் என்று பார்த்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. எந்தக் கால், காலில் எந்த இடம் என்று தெரியாமல் எந்த வைத்தியமும் வைத்தியம் ஆகாது. கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் கெட்டியான ரோட்டில் குதிரையை மெல்ல ஓட்டிவர வேண்டும். தலையைப் பாருங்கள். முன்காலில் வலி என்றால், வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்கள்தான் சுமக்கின்றன. நொண்டலும் அங்கேதான் அதிகம், அதிலும் குளம்பில்.

எங்கள் செவலைப் பெட்டைக்கு நடந்தது இதுதான். கார்த்திகை மழை ஒரு வாரம் அடித்து ஓய்ந்த மறுநாள், வலது முன்காலை ஊன்றவே மாட்டேன் என்று நின்றது. வந்தவர்கள் எல்லாரும் தோள்பட்டை பிசகிடுச்சு என்றார்கள். பெரியப்பா சூட்டுக்கோலை அடுப்பில் போட்டுவிட்டார். அந்த நேரத்தில் லாடம் அடிக்கும் பெரியவர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டு முன்குளம்பிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கரண்டைக்குப் பின்னால் விரலை வைத்து நாடி பார்த்தார். "அண்ணாச்சி, தோள்ல ஒண்ணுமில்ல. குளம்பு கொதிக்குது, தொட்டுப் பாருங்க" என்றார். குறடால் ஆணி ஆணியாக அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது ஆணியில் செவலை காலை வெடுக்கென்று இழுத்தது. லாடத்தைக் கழற்றி அந்த இடத்தைக் கத்தியால் கொஞ்சம் சீவியதும், கறுப்பாக, தண்ணீர் மாதிரி, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு சீழ் வந்தது. ஈரத்தில் குளம்பு இளகி, ஆணி ஓட்டை வழியாக அழுக்கு ஏறியிருக்கிறது. உப்புப் போட்ட வெந்நீரில் குளம்பை முக்கி எடுத்து, துணி சுற்றி, மேலே சாக்கைக் கட்டினோம். குதிரைக்குத் தனுர்வாதம் மிகச் சுலபமாக வரும் என்பதால் அதற்கான ஊசியும் போட்டோம். நாலாம் நாள் நேராக நடந்தது.

அன்று தோளில் சூடு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். உள்ளே இருக்கும் சீழ் எப்படியும் சில நாளில் குளம்புக்கு மேலே, மயிர் தொடங்கும் ஓரத்தில் உடைத்துக்கொண்டு வந்திருக்கும். குதிரை நடந்திருக்கும். சூடு வைத்ததால்தான் சரியாச்சு என்று ஊர் பேசியிருக்கும். சூட்டுக்கோலுக்குக் கிடைத்த பேரில் பாதி இப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கும் விடை உண்டு. சூடு வைத்த குதிரையால் புண் ஆறும் வரை வேலை செய்ய முடியாது. மாதக்கணக்கில் நிற்கும். குணப்படுத்துவது அந்த ஓய்வு. 1980களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்; கால் நாண் (தசையை எலும்போடு இணைக்கும் கெட்டி நார்) காயத்துக்குச் சூடு எந்தப் பயனும் தரவில்லை என்றுதான் முடிவு வந்தது. குதிரைக்கு வலி, வெந்த புண், தனுர்வாத பயம் இவ்வளவுதான் மிச்சம். பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் எங்கள் தொழுவத்தில் இனி சூட்டுக்கோல் கிடையாது.

லாடக்காரரை நாம் கடைசியாகத்தான் கூப்பிடுகிறோம். அவர் முதலில் வர வேண்டியவர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தபோது, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. பாண்டிய அரசர் ஒருவர் வருஷத்துக்கு 2000க்கு மேல் வாங்குவதாகவும், வருஷ முடிவில் அதில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். லாடமும் வைத்தியமும் தெரிந்த ஆளைக் குதிரை வியாபாரிகள் வேண்டுமென்றே இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

சரி, ஊசிக்கு வருவோம். ஊசி என்று சொல்வதில் இரண்டு வேறு சமாசாரம் இருக்கிறது. ஒன்று வலி ஊசி, கழுத்து ரத்தக் குழாயில் போடுவது. ஃபினைல்பியூட்டசோன் அந்த வகை. வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், டாக்டர் சொன்ன அளவில் சில நாளைக்கு நல்ல மருந்து. அளவு மீறினால் வயிறும் குடலும் புண்ணாகும். நம் சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்த குதிரைக்குச் சிறுநீரகமும் போகும். அதைவிடப் பெரிய ஆபத்து, வலி தெரியாத குதிரை அடிபட்ட காலிலேயே முழு பலத்தையும் போட்டு ஓடுவது. என் சித்தப்பா மகன் பந்தயத்தன்று காலையில் போட்டு ஓட்டினான். லேசாக வீங்கியிருந்த நாண் பாதி வழியில் அறுந்தது. அந்தக் குதிரை பிறகு வண்டியில் பூட்டப்படவே இல்லை. இன்னொரு செய்தி: டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். செத்த மாட்டின் உடலில் தங்கிய அந்த மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் மாண்டதால் 2006லேயே கால்நடைக்குத் தடை செய்துவிட்டார்கள்.

இரண்டாவது, மூட்டுக்குள்ளேயே போடும் ஊசி. ஸ்டீராய்டு மூட்டின் அழற்சியைச் சட்டென்று அடக்கும். ஆனால் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, தேய்ந்தால் சுலபத்தில் வளராது. சில ஸ்டீராய்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தக் குருத்தெலும்பே கெடும். ஹயலுரானிக் அமிலம் மூட்டு நீருக்கு வழவழப்புத் தருவது. ஆரம்பத்தில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். விலை அதிகம், பலன் மென்மையானது. மூட்டு நோய் என்று படம் எடுத்து உறுதியான பிறகு, பழகிய டாக்டர் கையால், மயிர் நீக்கி மருந்து போட்டுத் துடைத்த இடத்தில் போட்டால் இரண்டுமே உதவும். வேப்பமரத்தடியில் அவசரமாகப் போட்டு மூட்டுக்குள் கிருமி புகுந்தால் அந்த மூட்டு அதோடு முடிந்தது.

பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளியும் உப்பும் கரைத்துப் போடுவதில் பெரிய கெடுதல் இல்லை, தோல் பொத்துப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் புதுக் காயத்துக்கு முதல் மூன்று நாள் சூடான ஒத்தடம் ஆகாது, வீக்கம் கூடும்.

அந்த மூன்று நாளுக்கு ஆறுதான். விடியற்காலையில் தாமிரபரணியில், பாசி இல்லாத மணல் பாங்கான இடமாகப் பார்த்து, முட்டியளவு தண்ணீரில் இருபது நிமிஷம். சாயங்காலம் இன்னொரு தடவை. ஆறு தூரம் என்றால் குழாய்த் தண்ணீரைக் காலில் ஓடவிடலாம். செலவில்லை, பின்விளைவும் இல்லை. ஆனால் ஓய்வு இல்லாமல் இதனால் பிரயோஜனம் இல்லை. மூட்டுச் சுளுக்கு சில வாரம் கேட்கும். கிழிந்த நாண் 9 மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை கேட்கும். வீக்கம் வடிந்து குதிரை துள்ள ஆரம்பிக்கும் மாதம்தான் ரொம்பக் கஷ்டம். நாண் உள்ளே இன்னும் சேரவில்லை என்று நமக்குத் தெரியும், பார்க்கிறவனுக்குத் தெரியாது.

இந்த நாலையும் ஒதுக்கிவிட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. மூட்டுக்குப் பக்கத்தில் சின்னக் காயம், அதிலிருந்து முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும் நீர் வருகிறது என்றால் மூட்டு திறந்துவிட்டது என்று அர்த்தம். மஞ்சள் வைக்காதீர்கள், ஆற்றிலும் இறக்காதீர்கள். சுத்தமான துணியைச் சுற்றி, அன்றைக்கே வண்டியில் ஏற்றி, திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். நாளைக்குப் போனால் பிழைப்பது சந்தேகம்.