ஒயின் விலைய யாரு ஒளிக்காம சொல்றாங்க: மொசெல், நாபா, போர்டோ

எம்ஆர்பி பாத்தே வாங்கிப் பழகின நமக்கு ஒயின்காரங்க விலை சொல்ற விதம் தலைய சுத்தும். தயாரிக்கிறவங்களோட ஒயின வாங்க மொத்தம் எவ்ளோ ஆகும்னு கேட்டா மூணு ஊர்ல மூணு விதமா பதில் வருது.

ஜெர்மனில மொசெல் பக்கம் சின்ன குடும்பத் தோட்டம் கூட சைட்ல பிரைஸ் லிஸ்ட் போட்டு வச்சிருக்கும். 19% வாட் உள்ளயே சேத்த விலை, முக்கால் லிட்டர் பாட்டில் 12 யூரோன்னா அதுக்குக் கீழயே லிட்டர் 16 யூரோன்னு பொடி எழுத்துல இருக்கும், இது அவங்க பெருந்தன்மை எல்லாம் இல்ல, சட்டமே அப்படி. ஆனா நமக்கு லாபம் தான், ஏன்னா ஒரு லிட்டர் பாட்டில்ல வர்ற சாதா ரீஸ்லிங்கையும் (அங்க விளையுற வெள்ளைத் திராட்சை ஒயின்) முக்கால் லிட்டர் கபினெட்டையும் (அதுல ஒரு படி மேலான தரம்) நேருக்கு நேர் வச்சுப் பாக்கலாம். சாதா ஒயினுக்கு அங்க தனி மதுவரி கிடையாது, நுரை வர்ற ஸெக்ட்டுக்கு மட்டும் பாட்டிலுக்கு 1.02 யூரோ, அதுவும் போட்டிருக்கிற விலைக்குள்ளயே வந்துரும். இடிக்கிற இடம் ட்ரியர் ஊர்ல நடக்கிற ஒயின் ஏலத்துக்குப் போற ஸ்பெஷல் பாட்டில்கள் தான், அதுல நாம நேரா கேக்க முடியாது, தரகர் வழியா தான் போகணும், ஏலத்துல முடியுற விலைக்கு மேல கமிஷன், வாட் ரெண்டும் தனி.

அமெரிக்காவுல நாபால சாதாரண ஒயினரிங்க விலைய போட்டுடுவாங்க, ஆனா சேல்ஸ் டாக்ஸும் ஷிப்பிங்கும் செக்அவுட்ல தான் முகத்த காட்டும். டேஸ்டிங்குக்கே தனியா காசு, பாட்டில் வாங்கினா சில இடத்துல கழிச்சுக்குவாங்க. ஸ்க்ரீமிங் ஈகிள் மாதிரி பெரிய பேர்னா கதையே வேற, மெயிலிங் லிஸ்ட்ல இடம் கிடைச்சா தான் ஒயினரி விலைக்கே வாங்க முடியும், மத்தவங்க ஏலத்துலயோ கடையிலயோ பல மடங்கு குடுத்து வாங்கணும்.

பிரான்ஸ்ல இருக்கிற போர்டோ தான் செம காமெடி. விலை ஊருக்கே தெரியும், ஆனா அது நம்ம விலை இல்ல. லஃபீத்னு பேர் போன தோட்டத்தோட 2024 அறுவடை ஒயின் பாட்டில் 288 யூரோன்னு அறிவிச்சாங்க, அதுக்கு முந்தின வருஷ ஒயின் 396, எவ்ளோ இறங்கிருச்சுன்னு எல்லாரும் எழுதினாங்க. ஆனா அந்த 288 நெகோசியான்னு சொல்ற மொத்த வியாபாரி கடைக்காரனுக்குக் குடுக்கிற விலை. ஷாட்டோ, அதாவது தோட்டக்காரங்க, அந்த வியாபாரிக்கு விக்கிறப்பவே நடுவுல தரகர் 2% எடுத்துக்குவார், அப்புறம் கடைக்காரன் மார்ஜின், அதுக்கு மேல 20% டிவிஏ, அதாவது அங்கத்த வாட். ப்ரீமூர்ல, அதாவது பாட்டில்ல அடைக்கிறதுக்கு முன்னாடியே, வாங்கினா லிஸ்ட்ல இருக்கிறது பெரும்பாலும் டாக்ஸ் இல்லாத விலை, ஒயின் இன்னும் பீப்பாய்ல இருக்கும், காச இன்னிக்கே கட்டிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு பாட்டில் வர்றப்ப டாக்ஸும் டெலிவரியும் கட்டணும். இதுல ஷாட்டோக்காரங்க மொதல்ல கொஞ்சம் ஒயின மட்டும் விலைக்கு விட்டுட்டு, கிராக்கி இருந்தா அடுத்த பங்க விலை ஏத்தி விக்கிறதும் உண்டு. லத்தூர்ங்கிற தோட்டம் மட்டும் 2012ல இந்த ஆட்டமே வேணாம்னு வெளிய வந்துட்டாங்க, ஒயின் குடிக்கிற பதத்துக்கு வந்தப்புறம் தான் விக்கிறாங்க, விலை என்னவோ குறையல!

என் காசுன்னா மொசெல் தான், யோசிக்கவே மாட்டேன். போர்டோ தான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்க பாட்டில் கடைக்கு வர்ற வரைக்கும் பொறுத்து டாக்ஸ் சேத்த விலைய பாத்து வாங்குங்க, 2010 அறுவடை ஒயின ப்ரீமூர்ல அள்ளினவங்க நிறைய பேரு அதே பாட்டில் பின்னாடி கம்மி விலைக்குப் போறத பாத்து வயிறெரிஞ்சாங்க.