கையால் செய்த வாகிசாஷி (ஜப்பானியக் குட்டை வாள்) ஆர்டர் போடும் முன் இதைப் படியுங்கள்

620 டாலர் போய்விட்டது. இன்றைக்குத்தான் முடிவாகக் கைவிரித்தார்கள். கடைப் பெயரைப் போடவில்லை. அலகு, கைப்பிடி, ட்சுபா (கையைக் காக்கும் தகடு), உறை என்று ஒவ்வொன்றாக நாமே தேர்ந்தெடுத்து ஜப்பானிய வாள் வடிவமைக்கும் ஆன்லைன் கடைகள் சீனாவின் லோங்சுவானில் நிறைய உண்டு. அதில் ஒன்று. (அந்த ஊரில் நேர்மையான கொல்லர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை.)

நான் கேட்டது 45 சென்டிமீட்டர் அலகு, டி10 எஃகு, களிமண் பூசிக் காய்ச்சி முக்கியெடுத்த உண்மையான ஹாமோன், அதாவது வெட்டுவாய் ஓரமாக ஓடும் அலைக்கோடு. ட்சுபாவில் தும்பி. ஜப்பானில் அதை வெற்றிப் பூச்சி என்பார்கள், பின்வாங்காமல் முன்னேதான் பறக்குமாம். நான்கு இரவு உட்கார்ந்து நானே வரைந்து அனுப்பிய தும்பி.

நான் ஏமாந்தது ஒரு போட்டோவில். ஈரக் களிமண் பூசிய அலகு, முதுகுப் பக்கம் தடிப்பாக, வெட்டுவாய்ப் பக்கம் மெல்லிசாக. பக்கத்திலேயே என் ஆர்டர் எண் எழுதிய துண்டுச் சீட்டு. அதைப் பார்த்ததும் சந்தேகமெல்லாம் போய்விட்டது. "கார்டு வேண்டாம், வங்கிக்கு நேராக அனுப்பினால் 5 சதவீதம் குறைக்கிறோம்" என்றார்கள். அனுப்பிவிட்டேன். குறைத்தது போக 620 டாலர், ஒரே தவணையில்.

வந்த வாளில் அலைக்கோடு இரண்டு பக்கமும் அச்சடித்ததுபோல ஒரே மாதிரி இருந்தது. மெட்டல் பாலிஷ் தொட்டு ஓரிடத்தில் துடைத்தேன், கோடு துணியோடு வந்துவிட்டது. ஆசிட்டால் போட்ட கோடு! உண்மையான ஹாமோன் எஃகுக்குள்ளேயே இருப்பது, இப்படி அழியாது. அப்புறம் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினேன். உள்ளே போகும் நகாகோ (அலகின் வால் பகுதி) என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை, அதுவும் வெல்டிங் வைத்த ஒட்டு. பயிற்சியில் வீசியிருந்தால் அலகு பிய்ந்து யார்மேல் பாய்ந்திருக்குமோ. ட்சுபாவில் தும்பியும் இல்லை, ஏதோ ஒரு பூ.

கேட்டால், "கைவேலையில் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்." போட்டோ அனுப்பினேன், தெளிவில்லை, வீடியோ வேண்டும் என்றார்கள். வீடியோ அனுப்பினேன், பார்க்கவேண்டியவர் லீவாம். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு, "சொல்லிச் செய்த வாளுக்குப் பணம் திரும்பாது, அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம்" என்று பதில் வருகிறது.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. கார்டில் மட்டும் கட்டுங்கள். களிமண் போட்டோவை நம்பாதீர்கள், அது எந்த வாளோ. கைப்பிடி பொருத்தும் முன் நகாகோவை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். வந்த அன்றே கழற்றிப் பாருங்கள், அதுவரை வீசவே வீசாதீர்கள்.

நாளை வங்கியில் போய்க் கேட்கப் போகிறேன். 620 டாலர்.